இழுத்தால் லாக் ஆகும். விட்டுப் போனால் நிற்குமா?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது, ராம்ப்பில் கார் உருண்ட விஷயம். அந்தக் காரை இனி நம் வளாகத்துக்குள் விடக் கூடாது என்று தீர்மானம் வந்திருக்கிறது. ஓட்டுக்கு விடுவதற்கு முன் எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். காரணம், அந்தக் காரின் பிரேக்கில் நானும் கை வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் நான் கையைத் தூக்கினால், பற்றை மட்டும் எழுதிவிட்டு வரவை எழுதாமல் பேரேட்டை மூடியது போல ஆகிவிடும்.

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம், ராம்ப்பின் மேல் முனையில் அந்தக் கார் நின்றது. ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் போட்டு, தம்பி மாடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத கார் மெதுவாகப் பின்னால் இறங்கி, பேஸ்மென்ட் தூணில் இடித்து நின்றது. நடுவில் ஒரு குழந்தையின் சைக்கிள் நசுங்கியது. சைக்கிளை நிறுத்திவிட்டுக் குழந்தை தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. அன்று இரவு இந்தக் கட்டடத்தில் தூங்காதவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் போகிறேன். தம்பிக்குக் கார் பந்தயத்தில் ஆசை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிக் காட்டினார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். பல்லடம் தாண்டினால் பந்தயத் தடம் என்னும் ஊரில் இருக்கிறோம்.

தம்பி தன் பழைய சிறிய காரில் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தார். ராலி ஓட்டுபவர்கள் வைத்துக்கொள்வது அது. கொண்டை ஊசி வளைவில் அந்த லிவரை ஒரு நொடி சுண்டி இழுத்தால் பின் சக்கரங்கள் லாக் ஆகி, காரின் பின்பக்கம் வழுக்கித் திரும்பும். உடனே விட்டுவிட வேண்டும். இவருடைய காரில் அது வேலை செய்யவில்லை. "ஏனுங்க அங்கிள், தொங்கி இழுத்தாலும் பின் வீல் லாக் ஆக மாட்டேங்குதுங்க. சிலிண்டரை மாத்திப் போடட்டுங்களா?" என்று என்னிடம் வந்தார். என் அண்ணன் பிரேக் பட்டறை வைத்திருந்ததும், லீவு நாளில் அங்கே கணக்கு எழுதப் போய் நான் கை கறுத்து வந்ததும் அவருக்குத் தெரியும்.

"பொருளை வாங்குவதற்கு முன் எங்கே குறைகிறது என்று பார்ப்போம் கண்ணு" என்றேன். வங்கியில் நாள் கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத் தொகைக்கு ஒரு புதுப் பதிவு போட்டு மூடக் கூடாது. ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பிரேக்கும் அப்படித்தான். லிவரில் கொடுத்த பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நடுவில் எங்கோ அது செலவாகிறது. ஆகவே சக்கரத்திலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டு பின் சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். தம்பி லிவரை இழுத்துப் பிடிக்க, நான் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வலது சக்கரம் இறுகியது. இடது சக்கரம் ஜம்மென்று சுற்றியது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஈரம். வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து, பிரேக் ஆயில் ஷூவின் லைனிங்கில் ஊறியிருந்தது. எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டிப் பயன் இல்லை. இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற வேண்டும், மாற்றினோம். டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளியும் அதிகமாக இருந்தது. லிவர் சிலிண்டர் ஒரு இழுப்பில் தள்ளும் ஆயில் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஷூவை டிரம் வரை நகர்த்துவதிலேயே தீர்ந்துபோனால், அழுத்துவதற்கு என்ன மிஞ்சும்? அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு சொட்டு தளர்த்தி விட்டோம்.

அடுத்த ஞாயிறு காற்று. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், இழுத்த பலம் குமிழியைச் சுருக்குவதற்கே போய்விடும். லிவர் பஞ்சு போல இருந்தது. இரண்டு மூன்று முறை வேகமாக இழுத்தால் கொஞ்சம் இறுகியது. காற்று இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சக்கரத்தில் ஏர் எடுத்தும் போகவில்லை. லிவரை நட்டுக்குத்தாக மாட்டியிருந்ததால், காற்று சிலிண்டரின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. சிலிண்டர் வாயிலில் இருக்கும் இணைப்பை லேசாகத் தளர்த்தி, அங்கேயே ஏர் எடுத்த பிறகுதான் லிவர் கல்லாக நின்றது. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு டாட் 4 புது ஆயில் ஊற்றினோம். இது உங்கள் கார்களுக்கும் பொருந்தும்: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். டப்பாவைத் திறந்து ஆறு மாதம் ஆன மீதியை ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஜாக்கியில் இரண்டு சக்கரமும் நின்றன. மைதானத்தில் ஓட்டிப் பார்த்தால் லாக் ஆகவில்லை. ஜாக்கியில் நிற்கிறது, தரையில் நிற்கவில்லை என்றால் பிரஷர் போகிறது, ஆனால் போதவில்லை என்று பொருள். அப்போதுதான் சிலிண்டர் கணக்கைப் போட்டோம். கை 20 கிலோ பலத்தில் இழுக்கிறது, லிவர் அதை 6 மடங்கு ஆக்குகிறது என்று வையுங்கள். பிஸ்டனில் விழுவது 120 கிலோ. சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 42 கிலோ பிரஷர். 16 மி.மீ. என்றால் ஏறக்குறைய 60 கிலோ. சிலிண்டர் சிறுத்தால் பிரஷர் கூடும். ஆனால் 10 மி.மீ. தள்ளிய இடத்தில் 14 மி.மீ. தள்ள வேண்டியிருக்கும். ஒரு பக்கம் வரவு வந்தால் இன்னொரு பக்கம் செலவு. இலவசம் எதுவும் இல்லை.

தம்பியின் சிலிண்டர் ஏற்கெனவே சிறியதுதான். அப்படியென்றால் பிரஷர் எங்கே போகிறது? குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனோம். பின் சக்கரத்துக்குப் போகும் லைனில் கம்பெனியே ஒரு வால்வு வைத்திருக்கும். சடன் பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னால் சாயும்; லேசாகிவிட்ட பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழலக் கூடாது என்பதற்காக, பின்னால் போகும் பிரஷரை அது குறைத்து அனுப்பும். நம் உயிரைக் காப்பாற்ற வைத்த வால்வு. மெக்கானிக் ஹைட்ராலிக் லிவரை அந்த வால்வுக்கு முன்னால் இணைத்துவிட்டார். இவர் லாக் செய்ய இழுக்கிறார், வால்வு லாக் ஆகாமல் தடுக்கிறது. இரண்டும் தன் வேலையைத்தான் செய்தன. இணைப்பை வால்வுக்குப் பின்னால் மாற்றியதும் லாக் ஆகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பல சிறு கார்களில் முன் இடதும் பின் வலதும் ஒரு லைன், முன் வலதும் பின் இடதும் இன்னொரு லைன் என்று குறுக்காகப் பிரித்திருப்பார்கள். அதில் ஒற்றைச் சிலிண்டர் லிவரைச் செருகினால் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் பிடிக்கும். அது இன்னும் ஆபத்து. எங்கள் நல்ல நேரம், இந்தக் காரில் பின் சக்கரம் இரண்டுக்கும் ஒரே லைன்.

அன்று தம்பி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நானும் சேர்ந்து சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று ஞாயிறு உழைத்து ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்த திருப்தி எனக்கு.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வேலை செய்யும்போது டிக்கியில் ஒரு கேபிள் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். காரோடு வந்த பழைய ஹேண்ட்பிரேக் கேபிள். புது லிவருக்கு இடம் வேண்டும் என்று அதைக் கழற்றியிருந்தார்கள். "அப்படியானால் ராத்திரி வண்டியை எதை வைத்து நிறுத்துகிறாய்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லாக் ஆகுமா என்ற கேள்வியிலேயே இருந்தேன். வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது போல. முப்பது வருடத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்தவன் செய்யக் கூடாத தப்பு.

லாக் ஆன பிரேக் ஏன் அரை மணி நேரத்தில் விட்டது? உங்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி, டையிங், காம்பேக்டிங் என்று இருக்கிறீர்கள். துணி ரோல் நகர்த்தும் கை டிராலியைப் பாருங்கள். கைப்பிடியை நாலு தடவை ஆட்டினால் முக்கால் டன் தூக்கும். அதே டிராலி கொஞ்சம் பழசாகி, தூக்கிய நிலையில் ராத்திரி விட்டுப் போனால், காலையில் இறங்கியிருக்கும். உள்ளே ரப்பர் சீல் வழியாக ஆயில் துளித்துளியாகத் திரும்பிவிடுகிறது. ஹைட்ராலிக் என்பது தூக்குவதற்குக் கெட்டிக்காரன், காவலுக்கு நிற்பதற்கு நம்ப முடியாதவன்.

காரில் அதோடு சூடும் சேர்கிறது. ஓட்டி வந்தவுடன் டிரம், ஆயில் எல்லாம் சூடாக இருக்கும். ஆறும்போது எல்லாமே கொஞ்சம் சுருங்கும். அடைபட்ட ஆயில் சுருங்கினால் பிரஷர் இறங்கும். லிவர் இழுத்த இடத்திலேயே பின்னில் மாட்டி நிற்கும். பிடிமானம் மட்டும் போயிருக்கும். பார்க்கிறவருக்கு ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதாகத்தான் தெரியும்.

நம் ராம்ப்பை டேப் வைத்து அளந்தேன். 8 அடிக்கு 1 அடி ஏற்றம். 800 கிலோ காரை அந்தச் சரிவு ஏறக்குறைய 100 கிலோ பலத்தில் கீழே இழுக்கிறது. இரண்டு மூட்டை சிமென்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதை ஒரு ரப்பர் சீலை நம்பித் தொங்கவிட்டிருந்தோம்.

கார் செய்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த கார் 1921-லேயே அமெரிக்காவில் டியூசன்பெர்க் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. நூறு வருடம் தாண்டியும் நிறுத்தும் பிரேக்கை மட்டும் ஆயிலிடம் விடவில்லை. ஐ.நா.வின் 13-எச் என்ற பிரேக் விதி, டிரைவர் இல்லாத நேரத்திலும் வண்டி சரிவில் நிற்க வேண்டும், அதைப் பிடித்திருப்பது முழுக்க இயந்திரப் பூட்டாக இருக்க வேண்டும் என்கிறது. பாரம் ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், அதாவது 5 அடிக்கு 1 அடி ஏற்றத்தில், அது நிறுத்திக் காட்ட வேண்டும். கேபிள் லிவரில் 'டிக் டிக்' என்று பல்லில் மாட்டுவது அந்தப் பூட்டுதான். இப்போது வரும் பட்டன் ஹேண்ட்பிரேக்கிலும் சின்ன மோட்டார் ஒரு கேபிளையோ ஸ்க்ரூவையோதான் இறுக்குகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் பிடி விடாது.

நம் சட்டமும் காலால் மிதிக்கும் பிரேக் ஒன்று, நிறுத்தும் பிரேக் ஒன்று என இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது: 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-வது விதி. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988-ம் வருடச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அப்படி மாற்றிய வண்டியால் ஒரு விபத்து நடந்திருந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தம்பி இப்போது என்ன செய்திருக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் லிவரைக் கழற்றி, லைனைப் பழையபடி ஆக்கி, புதுக் கேபிள் போட்டாகிவிட்டது. கோவையில் அவர் நண்பர்கள் பந்தயத்துக்கென்றே ஒரு கார் வைத்திருக்கிறார்கள். அது சாலையில் ஓடாது, டிரெய்லரில் ஏறித்தான் போகும். லிவர் அதற்குப் போய்விட்டது. சைக்கிளுக்குப் பதில் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து நின்றபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, அந்தக் காரைத் தடுக்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். இரண்டாவது, அதற்குப் பதிலாக, நம் வளாகத்தில் நிற்கும் ஒவ்வொரு காரின் ஹேண்ட்பிரேக்கையும் வருடத்துக்கு ஒரு முறை ராம்ப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். போன வாரம் கேட்டவர்களின் காரைப் பார்த்துக் கொடுத்தேன். ஐந்தில் இரண்டு நிற்கவில்லை. அதில் எந்தக் காரும் பந்தயக் கார் இல்லை. யாருடையது என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடட்டும். ராம்ப்பில் கால் பிரேக்கில் நின்று, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு வாருங்கள். காலை மெதுவாகத் தூக்குங்கள், ஆனால் பிரேக்கின் மேலேயே வைத்திருங்கள். ஒரு நிமிடம் நகராமல் நிற்க வேண்டும். ஏற முகத்தில் ஒரு தடவை, இறங்கு முகத்தில் ஒரு தடவை. எத்தனை 'டிக்'கில் பிடிக்க வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கும். போன வருடத்தைவிட இரண்டு மூன்று 'டிக்' கூடியிருந்தால் பட்டறைக்குப் போகும் நேரம். அங்கே கேபிளை மட்டும் இறுக்கி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் டிரம் இடைவெளி, லைனிங், கசிவு, கேபிள் கடைசியில்.

நிறுத்தும்போதும் ஒரு வரிசை உண்டு. கால் பிரேக், ஹேண்ட்பிரேக், காலைத் தூக்கி வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பது, கடைசியாக கியர். ஏற முகம் என்றால் முதல் கியர், இறங்கு முகம் என்றால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான் 'பி'. சரிவில் நிற்க வேண்டி வந்தால் ஸ்டீயரிங்கைச் சுவர்ப் பக்கம் ஒடித்து வையுங்கள். ஒரு மரக்கட்டை டிக்கியில் இருக்கட்டும். கட்டைக்கு ரப்பர் சீல் இல்லை, அது கசியாது.

இரண்டு கட்டைகள் செய்து ராம்ப் பக்கத்துத் தூணில் தொங்கவிட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வாருங்கள். முதல் காராகத் தம்பியின் காரையே ராம்ப்பில் நிறுத்திக் காட்டுகிறோம். நான் கீழே, சைக்கிள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அடுத்து உங்கள் கார்.